சுற்றி வருவோர்: வெளியே திரியும் பூனையின் தூய்மை குறித்து ஒரு வரலாற்றுப் பார்வை

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலையைக் கடந்து வந்து சாரலாகத் தூவும்போது, குற்றாலத்தில் ஈரமில்லாத இடத்தைத் தேடித்தான் காண வேண்டும். பேரருவி, ஐந்தருவி, சிற்றருவி, செண்பகாதேவி, தேனருவி என்று பல பெயர்களில் விழும் நீர், ஓடைகளாகவும் கால்வாய்களாகவும் பிரிந்து ஊரைச் சூழ்ந்து ஓடுகிறது. அத்தகைய ஒரு சாரல் பருவத்தில், அருவிக்கு அருகே குடியிருக்கும் நம் பழைய மாணவர் ஒருவரின் இல்லத்தில் இரு நாட்கள் தங்கியிருந்தோம்.

அஸருக்குப் பின் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, கொல்லைப்புறக் கூரையடியில் பூனை ஒன்று உடலெல்லாம் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. சாரலில் நனைந்ததோ என்று எண்ணினோம். அவ்வீட்டுச் சிறுவன் உண்மையைச் சொன்னான்: உம்மம்மா சொன்னபடி அவன்தான் அதைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியிருக்கிறான். சென்ற ஆண்டு அப்பூனையின் குட்டியொன்றையும் அப்படியே குளிப்பாட்டினார்களாம். மறுநாள் அது இறந்துவிட்டதாம். இதைச் சொல்லும்போது அவன் குரல் தாழ்ந்தது.

மூதாட்டியார் இரக்கமற்றவர் அல்லர், பேணுதல் மிக்கவர். கதவின் பின்னே நின்று அவர் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், ஊரெல்லாம் சுற்றிவிட்டுச் சேற்றுக்காலோடு வருகிறது. எலியைத் தின்கிறது. நேரே வந்து முஸல்லாவில் ஏறிப் படுத்துக்கொள்கிறது. குளிப்பாட்டாமல் எப்படி உள்ளே விடுவது? தொழுகை கூடுமா?"

சிறிய கேள்வியாகத் தோன்றும் இதற்கு, ஆயிரத்து நானூறு ஆண்டுக் கால விடை ஒன்று நம் சமுதாயத்தின் கைவசம் உள்ளது. அவ்விடையைத் தமிழ் வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதீனாவில் சாய்ந்த பாத்திரம்

அபூகதாதா (ரலி) அன்ஸாரித் தோழர்களுள் ஒருவர். அவருடைய மகனை மணந்தவர், கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் மகள் கப்ஷா. ஒருநாள் மாமனார் வந்தபோது அவர் உளூச் செய்வதற்காகக் கப்ஷா நீர் ஊற்றி வைக்கிறார். பூனை ஒன்று வந்து அந்நீரைக் குடிக்க முனைகிறது. அபூகதாதா (ரலி) அதனை விரட்டவில்லை. அது எளிதாகக் குடிக்கும் பொருட்டுப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுக்கிறார். மருமகள் வியப்போடு பார்ப்பதைக் கண்டு, இதில் உனக்கு வியப்பா என்று கேட்டுவிட்டு, பூனை அசுத்தமானதன்று என்றும், அது உங்களைச் சுற்றி வருவோரில் சேர்ந்தது என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைக்கிறார். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவிலும், அபூதாவூது, திர்மிதி, நஸாயி, இப்னு மாஜா ஆகியோரின் தொகுப்புகளிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. திர்மிதி இதனை ஹஸன் ஸஹீஹ் என்று தரப்படுத்தியுள்ளார்.

இதில் வரும் 'தவ்வாஃபீன்' என்ற சொல் ஊன்றி நோக்கத்தக்கது. திருக்குர்ஆனின் 24-ஆம் அத்தியாயமான சூரத்துந் நூரில் 58-ஆம் வசனம், பணியாளர்களும் பருவமடையாத சிறுவர்களும் மூன்று வேளைகளில் மட்டும் அனுமதி பெற்று உள்ளே வர வேண்டும் என்று விதிக்கிறது. மற்ற வேளைகளில் அவ்விதி தளர்த்தப்படுவதற்கு, அவர்கள் உங்களைச் சுற்றி வருபவர்கள் என்பதையே அது காரணமாகக் காட்டுகிறது. அதே வேர்ச்சொல்லே பூனைக்கும் ஆளப்பட்டிருக்கிறது. ஓயாமல் உள்ளும் புறமும் போய்வருவோரிடம் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கச் சொன்னால் இல்லம் நடவாது. ஓயாமல் போய்வரும் பூனை தொட்டதையெல்லாம் கழுவச் சொன்னாலும் அவ்வாறே. இரண்டுக்கும் சட்டக் காரணம் ஒன்றே என்று ஃபிக்ஹு அறிஞர்கள் விளக்கினர். இல்லத்துப் பிள்ளைகளும் பணியாளர்களும் நிற்கும் வரிசையில் பூனைக்கும் ஓர் இடம் கிடைத்தது.

அபூதாவூது பதிவு செய்துள்ள மற்றொரு செய்தியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. பெண்ணொருவர் தம் எசமானி அனுப்பிய ஹரீஸா என்னும் கோதுமை உணவை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கொண்டு செல்கிறார். அன்னையார் தொழுகையில் இருந்ததால், கீழே வைக்குமாறு சைகை காட்டுகிறார்கள். அதற்குள் பூனை வந்து அதில் கொஞ்சம் உண்டுவிடுகிறது. தொழுது முடித்த அன்னையார், பூனை வாய் வைத்த அதே இடத்திலிருந்து எடுத்து உண்கிறார்கள். பூனை குடித்து மீந்த நீரில் நபி (ஸல்) அவர்கள் உளூச் செய்ததைத் தாம் கண்டதாகவும் கூறுகிறார்கள்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் பூனையை யாரும் கழுவவில்லை. அது எங்கே சென்று வந்தது என்று யாரும் கேட்கவுமில்லை. மதீனாவின் பூனைகள் வீட்டுக்குள் அடைத்து வளர்க்கப்பட்டவை என்று எண்ணுவதற்கும் இடமில்லை. அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு 'பூனைக்குட்டியின் தந்தை' என்று பெயர் வந்த காரணத்தைத் திர்மிதியில் அவரே சொல்கிறார்: தம் குடும்பத்தாரின் ஆடுகளை மேய்த்து வந்த காலத்தில் சிறு பூனைக்குட்டி ஒன்றை வைத்திருந்தார், இரவில் அதனை ஒரு மரத்தில் விடுவார், பகலில் தம்முடன் எடுத்துச் சென்று விளையாடுவார். மரத்தில் உறங்கி மேய்ச்சல் நிலத்தில் திரிந்த பூனை அது.

பூனையை அடைத்து வைத்து உணவளிக்காமல் சாகவிட்ட பெண் தண்டனைக்கு உள்ளான செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. அவள் உணவும் தரவில்லை, பூமியின் சிற்றுயிர்களைத் தானே பிடித்துத் தின்னும்படி விடவுமில்லை என்பதே அவள் மீதான குற்றம். வெளியே சென்று இரை தேடுவது பூனையின் உரிமை என்பது இதில் உள்ளடங்கியிருக்கிறது. அந்த இரை தேடலையே காரணம் காட்டி அதனை அசுத்தமென்று ஒதுக்குவது எப்படிப் பொருந்தும்?

எலி தின்ற வாய்: இரு மத்ஹபுகளின் இரு வழிகள்

ஆயினும் மூதாட்டியாரின் ஐயத்தில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. பூனை தன்னளவில் தூயதாகவே இருக்கட்டும். எலியைத் தின்று இரத்தம் தோய்ந்த வாயோடு வந்தால் என்ன செய்வது? நம் இமாம்கள் இவ்வினாவைத் தவிர்த்துச் செல்லவில்லை.

ஹிஜ்ரி 179-இல் (கி.பி. 795) மறைந்த இமாம் மாலிக் (ரஹ்), அபூகதாதா (ரலி) அவர்களின் செய்தியைப் பதிவு செய்த கையோடு, அதன் வாயில் அசுத்தம் காணப்பட்டாலன்றி இதில் குற்றமில்லை என்று சுருக்கமாகக் கருத்துரைத்தார். கண்ணால் காண்பதே அவருக்கு எல்லை.

ஹனஃபி மத்ஹபில், பூனை குடித்து மீந்த நீர் தூயதே. எனினும் வேறு நீர் இருக்கையில் அதனைப் பயன்படுத்துவது மக்ரூஹ் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) ஆகியோரின் கருத்து. மக்ரூஹும் இல்லை என்றார் இமாம் அபூயூசுஃப் (ரஹ்). எலி தின்ற பூனையின் நிலையை, ஹிஜ்ரி 593-இல் (கி.பி. 1197) மறைந்த மர்கீனானி (ரஹ்) தம் ஹிதாயாவில் விளக்குகிறார். எலியைத் தின்ற உடனேயே நீரில் வாய் வைத்தால் அந்நீர் அசுத்தமாகும். இதில் கருத்து வேறுபாடில்லை. சிறிது நேரம் தாமதித்த பின் குடித்தால் அசுத்தமாகாது. ஏனெனில் அது தன் உமிழ்நீரால் தன் வாயைக் கழுவிக்கொண்டது. நீரல்லாத தூய திரவத்தாலும் அசுத்தத்தை நீக்கலாம் என்று கருதும் அபூஹனீஃபா, அபூயூசுஃப் ஆகியோரின் நெறிப்படி அமைந்த தீர்ப்பு இது. இமாம் முஹம்மது (ரஹ்) இதில் உடன்படவில்லை.

ஷாஃபிஈ மத்ஹபில் அசுத்தத்தை நீக்க நீரே வேண்டும், உமிழ்நீர் போதாது. எனவே அவர்கள் வேறு வழியில் சென்றார்கள். ஹிஜ்ரி 676-இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவி (ரஹ்) தம் மஜ்மூவில் மத்ஹபின் வெவ்வேறு கருத்துகளைத் தொகுத்து, மிகச் சரியானதென்று ஒன்றைத் தேர்கிறார். எலியைத் தின்ற பூனை நம் கண்ணை விட்டு மறைந்து சென்று, பிறகு திரும்பி வந்து நம் பாத்திரத்தில் வாய் வைக்கிறது. அந்த இடைவெளியில் அது இரு குல்லத்துக்குக் குறையாத மிகுதியான நீரில் வாய் வைத்திருக்கக்கூடும் எனில், நம் பாத்திரத்து நீர் அசுத்தமாகாது. இரு குல்லம் என்பது இன்றைய அளவில் ஏறத்தாழ 200 லிட்டர். நம் நீர் தூயது என்பது உறுதி. பூனையின் வாய் இன்னும் அசுத்தமாக இருக்கிறது என்பது ஐயம். உறுதியை ஐயத்தால் நீக்க முடியாது என்ற பொது விதியே இங்கு ஆட்சி செய்கிறது.

இவ்விடத்தை முதன்முதலில் ஓதிய நாளில் நமக்கு இது வெறும் நுண்வாதமாகவே பட்டது. குற்றாலத் திண்ணையில்தான் அதன் ஆழம் விளங்கிற்று. பூனை வெளியே சென்று வருகிறது என்பதுதான் மூதாட்டியாரின் அச்சத்துக்குக் காரணம். இமாம் நவவியோ அந்த வெளியே சென்று வருதலையே பூனைக்குச் சாதகமான சான்றாகக் கொள்கிறார். நம் கண்ணெதிரே அடைபட்டிருந்த பூனைக்கு இச்சலுகை இல்லை; போய் வந்த பூனைக்கு உண்டு. இமாம் அவர்கள் வாழ்ந்து கற்பித்த திமிஷ்க், பரதா ஆற்றின் கால்வாய்கள் ஊடுருவிப் பாயும் நகரம். பூனை எங்கே நீரைக் கண்டிருக்கும் என்று அங்கே வியக்க வேண்டியதில்லை. அடிக்கொரு ஓடை ஓடும் குற்றாலத்தில் அந்த ஐயத்துக்கு இன்னும் குறைவான இடமே உண்டு.

தமிழகத்தில் இவ்விரு வழிகளும் அக்கம்பக்கமாகவே வாழ்கின்றன. கடற்கரைப் பட்டினங்களில் பெரும்பாலும் ஷாஃபிஈகளும், உள்நாட்டு ராவுத்தர்களிடையே பெரும்பாலும் ஹனஃபிகளும் உள்ளனர். ஒரு சாராரின் மதரஸாக்களில் 16-ஆம் நூற்றாண்டில் பொன்னானியின் மக்தூம் மரபில் எழுந்த ஃபத்ஹுல் முஈன் ஓதப்படுகிறது. மறு சாராரிடம் குதூரியும் ஹிதாயாவும் ஓதப்படுகின்றன. ஒருவர் நாவை நம்பினார், மற்றவர் ஓடும் நீரை நம்பினார். இருவரும் பூனையை வாசலில் நிறுத்தவில்லை.

நகரங்களும் பூனைகளும்

நூலில் எழுந்த இக்கருத்து, முஸ்லிம் நகரங்களின் வாழ்விலும் தடம் பதித்தது. எகிப்தின் இலக்கண மேதை இப்னு பாபஷாத் (ஹிஜ்ரி 469, கி.பி. 1077) பற்றி வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். பள்ளிவாசலின் மேல்தளத்தில் நண்பர்களோடு அவர் உணவருந்திக்கொண்டிருந்தார். ஒரு பூனை வந்து, கொடுத்த கவளத்தை எடுத்துக்கொண்டு ஓடுவதும் மீண்டும் வருவதுமாக இருந்தது. பின்தொடர்ந்து சென்று பார்த்தபோது, அருகிலிருந்த வேறொரு கூரையில் கிடந்த குருட்டுப் பூனைக்கு அது உணவு கொண்டுபோய்க் கொடுப்பது தெரிந்தது. வாயில்லாப் பிராணிக்கு இவ்வாறு உணவளிப்பவன் தம்மைக் கைவிடுவானோ என்று எண்ணிய அவர், தம் அரசுப் பணியைத் துறந்தார்.

1260 முதல் 1277 வரை ஆண்ட மம்லூக் சுல்தான் அல்மலிக் அழ்ழாஹிர் பைபர்ஸ், கெய்ரோவில் தம் பள்ளிவாசலுக்கு அருகே ஒரு தோட்டத்தைப் பூனைகளுக்கென வக்ஃபு செய்தார். 1836-இல் எகிப்தியர் வாழ்க்கை பற்றிய நூலை வெளியிட்ட எட்வர்ட் லேன், தோட்டம் பல கை மாறிவிட்ட பின்னரும் அந்த அறக்கடமை தொடர்ந்ததைப் பதிவு செய்கிறார். காஜியின் நீதிமன்ற முற்றத்தில் நாள்தோறும் பிற்பகலில் தெருப்பூனைகள் கூடுமாம். அவற்றுக்கு உணவு வைக்கப்படுமாம். ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் நின்ற இவ்வறம், யாருக்கும் சொந்தமில்லாத பூனைகளுக்காக நின்றது.

இங்கே ஒரு திருத்தமும் அவசியம். சட்டைக் கையின் மேல் உறங்கிய பூனையை எழுப்ப மனமின்றி நபி (ஸல்) அவர்கள் கைப்பகுதியை வெட்டிவிட்டு எழுந்தார்கள் என்றும், அப்பூனையின் பெயர் 'முஇஸ்ஸா' என்றும் மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. ஹதீஸ் தொகுப்புகளில் இதற்கு ஆதாரமில்லை. இத்தகைய நிகழ்ச்சி ஷைகு அஹ்மது ரிஃபாஈ (ரஹ், மறைவு ஹிஜ்ரி 578, கி.பி. 1182) அவர்களின் வாழ்க்கை வரலாற்றில் சொல்லப்படுவது. பூனைக்குப் பெருமை சேர்க்க இல்லாத ஹதீஸ் தேவையில்லை. அபூகதாதா (ரலி) சாய்த்த பாத்திரமே போதும்.

தமிழ் மரபில் பூனையின் நிலை சற்று வேறு. சங்கப் பாடல்களில் வரும் வெருகு, இருட்டியபின் மனைக்கோழியைக் கவர வரும் காட்டு விலங்கு. தொல்காப்பிய மரபியல் வெருகின் இளமைப் பெயராகக் 'குட்டி'யைச் சொல்கிறது. காட்டு வெருகு வேறு, நம் அடுப்படியில் உறங்கும் வீட்டுப்பூனை வேறு. இதன் மூதாதையர் மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழ்ந்த காட்டுப்பூனைகள் என்பதை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. தானியக் குதிரும் எலியும் உள்ள இடமெல்லாம் அது தானே வந்து சேர்ந்தது. உள்ளும் புறமும் போய்வருவதே அதன் வாழ்வு; அந்த வாழ்வால்தான் அது நமக்குப் பயன்பட்டது.

நாவின் அமைப்பு

பூனை தன்னைத் தானே கழுவிக்கொள்கிறது என்று ஹனஃபி அறிஞர்கள் சொன்னதை இன்றைய ஆய்வு வேறொரு கோணத்தில் விளக்குகிறது. 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹு ஆகியோர் பூனையின் நாவிலுள்ள முட்களை ஆராய்ந்தனர். அம்முட்களின் நுனி குழிவாக, அகப்பை போல அமைந்துள்ளது. அக்குழி வாயிலிருந்து உமிழ்நீரை எடுத்து, உரோமத்தினூடே தோல்வரை கொண்டு சேர்க்கிறது. விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைப் பூனை இவ்வேலையிலேயே கழிக்கிறது. மார்க்கச் சட்டத்துக்கு இதனால் புதிய வலிமை எதுவும் வரவேண்டியதில்லை. அது தன் ஆதாரத்தின் மீது நிற்கிறது. எனினும் கண்ணால் கண்டதைக் கொண்டு நம் முன்னோர் பேசினர் என்பதற்கு இது சான்று.

கழுவ வேண்டியது எதை?

தூய்மை ஈமானோடு சேர்ந்தது. அதில் தளர்வு சொல்வது நம் கருத்தன்று. பூனையின் சிறுநீரும் மலமும் அசுத்தம் என்பதில் இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. அவை பட்ட விரிப்பையும் தரையையும் கழுவியே ஆக வேண்டும். உதிர்ந்த உரோமம் ஹனஃபிகளிடம் தூயது. ஷாஃபிஈகளிடம் அசுத்தமெனினும் சிறிதளவு மன்னிக்கப்பட்டது. தொழுமுன் முஸல்லாவை உதறிவிடுவது போதுமானது. தெருச்சேற்றைப் பொறுத்தவரை, தவிர்க்க இயலாத அளவுக்கு மன்னிப்பு உண்டென்று நம் நூல்கள் மனிதனின் ஆடைக்கே சொல்கின்றன. அசுத்தம் கண்ணுக்குத் தெரியும்படி ஒட்டியிருந்தால் அவ்விடத்தை மட்டும் கழுவித் துடைத்தால் போதும்.

பூனையைப் பேணும் முறையும் இதற்கு ஒத்தே இருக்கிறது. நலமாக உள்ள பூனைக்கு அடிக்கடிக் குளியல் தேவையில்லை. நனைந்து வந்தால் துணியால் துவட்டலாம். உரோமத்தைச் சீப்பால் வாரிவிடலாம். குட்டிகள் உடற்சூட்டை விரைவில் இழப்பவை. சாரல் வீசும் மாலையில் குளிப்பாட்டுவது அவற்றின் உயிருக்கே கேடாகலாம். வண்டி எண்ணெயோ பெயின்டோ நச்சுப் பொருளோ மேலே பட்டிருந்தால் மட்டும் உடனே கழுவியாக வேண்டும். இல்லையேல் அது நக்கி விழுங்கிவிடும். ஃபினாயில் கரைசலால் அதனைத் துடைப்பது ஆபத்து. அவ்வகைப் பொருட்களைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குக் குறைவு. நாய்க்கென விற்கும் உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவை பூனையைக் கொல்லக்கூடும்.

மனிதரின் நலத்துக்குக் கவனிக்க வேண்டியவை வேறு. பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்னும் கிருமி இருக்கக்கூடும். கருவுற்ற பெண்கள் அதனை அள்ளலாகாது. மற்றவர்கள் நாள்தோறும் அகற்றிவிட்டுக் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி பூனைக்கும் உண்டு. வெளியே திரிவதற்கு அது மிக அவசியம். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்பாலும் ஓடும் நீராலும் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஆக, இடத்தைத் தூய்மை செய்வது நம் கடமை. நம் கையைக் கழுவுவது நம் கடமை. பூனையின் உடலை அதன் நாவிடமும், அது சென்று வரும் நீர்நிலைகளிடமும் ஒப்படைத்துவிட்டார்கள் நம் இமாம்கள். பேணுதல் என்ற பெயரில் அவர்கள் விதிக்காததை நாம் விதிக்கும்போது, அதன் சுமை பெரும்பாலும் வாயில்லாத ஒன்றின் மீதே போய் விழுகிறது. அந்த வீட்டில் அது ஒரு குட்டியின் உயிராக இருந்தது.

இவற்றையெல்லாம் மூதாட்டியாருக்கு இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. கப்ஷாவின் செய்தியை மட்டும் சொன்னோம். சற்று நேரம் உள்ளிருந்து பேச்சில்லை. பிறகு, "மாமனார் சாய்த்துக் கொடுத்தார்களா?" என்று மறுபடியும் கேட்டார். ஆம் என்றோம். மஃக்ரிபுக்கு நாம் எழுந்தபோது சிறுவன் பழைய துண்டொன்றால் பூனையைத் துவட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் காலை கொல்லைப்படியில் மண்சட்டி ஒன்றில் நீர் வைக்கப்பட்டிருந்தது. யார் வைத்தது என்று நாம் கேட்கவில்லை.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.